மௌனப் படங்களின் தரவரிசை

சிறந்தன இவை எனத் தெரிந்தெடுத்து, முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என நிரற்படுத்துதல் கலைகளிடத்து ஈடுபாடுடைய மாந்தர்க்கு இயல்பாயமைந்த செயல். பாட்டுக்கும் காப்பியத்துக்கும் இவ்வாறு வரிசை கண்ட மக்கள், இருபதாம் நூற்றாண்டின் புதுக்கலையாகிய திரைப்படத்தையும் விட்டுவைத்தாரல்லர். திரைப்படத்துள்ளும், உரையாடலின்றி உருவ அசைவையே மொழியாகக் கொண்டு நின்ற மௌனப் படங்களை வரிசைப்படுத்தும் முயற்சி தனியாக ஆராயத்தக்கது. ஏனெனில், அக்கலை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுள் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து, வழக்கொழிந்தது. முடிந்துபோன ஒன்றன் வரிசை மாறாது நிற்குமென்றே எவரும் எண்ணுவர். நூறாண்டுக்கு முன்னர் எடுத்த படம் பின்னர் நன்றாகவோ தீதாகவோ மாறிவிடுதல் இல்லை. எனினும், வெவ்வேறு காலத்து வாக்கெடுப்புக்களை ஒப்புநோக்குவார்க்கு அவ்வரிசை பெரிதும் மாறிவந்துள்ளமை புலனாகும். படங்கள் மாறாதிருப்ப, அவற்றின் வரிசை மாத்திரம் மாறுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலமும் பெயரும்

1895 ஆம் ஆண்டு திசெம்பர் 28 ஆம் நாள் பாரிசு நகரத்துக் கிராண்ட் கபே என்னும் சிற்றுண்டிச்சாலையில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுப் படங்காட்டினர். அன்று மௌனப்படக் காலம் தொடங்கிற்று எனக் கொள்வது வழக்கு. அதன் முடிவு எல்லா நாட்டுக்கும் ஒன்றன்று. 1927 ஒக்டோபரில் ‘த ஜாஸ் சிங்கர்’ என்னும் படம் வெளிவந்தபின், அமெரிக்காவில் இரண்டு மூன்று ஆண்டுகளுள் பேசும்படம் ஆட்சிபெற்றது. யப்பானிலோ 1930களின் நடுப்பகுதிவரை மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன. அந்நாட்டின் தலைசிறந்த நெறியாளருள் ஒருவரான ஒசு யசுஜிரோ தமது முதற் பேசும்படத்தை 1936 இலேயே வெளியிட்டார். சீனத்தில் ருவான் லிங்யு நடித்த ‘தேவி’ என்னும் மௌனப்படம் 1934 இல் வந்தது. சார்லி சப்ளின் 1931 இல் ‘சிற்றி லைற்ஸ்’ என்னும் படத்தை, இசையை மாத்திரம் ஒலிப்பதிவு செய்து, உரையாடலின்றியே வெளியிட்டார். அதனை மௌனப்படமென ஏற்பாரும் உளர், ஏற்காதாரும் உளர். எனவே, வரிசையிடத் தொடங்குமுன்னரே, எவை வரிசைக்குரியன என்பதில் கருத்து வேறுபாடு தோன்றிவிடுகின்றது.

மௌனப்படம் என்னும் பெயரும் முற்றும் பொருந்துவதன்று. பெருநகரக் கொட்டகைகளிற் பல்லியக் குழுவும், சிற்றூர்க் கொட்டகைகளிற் பியானோவும் படத்துடன் இசைத்தன. யப்பானில் ‘பென்சி’ எனப்பட்ட கதையுரைப்போர் திரையருகில் நின்று, எல்லாப் பாத்திரங்களின் கூற்றையும் தாமே உரைத்தனர். படத்தினும் கதையுரைப்போர் பெயரை நாடியே கொட்டகைக்குச் சென்றாரும் பலர். இன்று அப்படங்களைத் தனியே காண்பார், அக்காலத்தவர் கண்டும் கேட்டும் நுகர்ந்த நிகழ்ச்சியின் ஒரு கூற்றையே காண்கின்றனர்.

அக்கால இரசிகர் தீர்ப்பு

மௌனப்படங்களை வரிசைப்படுத்தும் வழக்கம் பிற்காலத்து அறிஞரால் தொடங்கப்பட்டதன்று. அப்படங்கள் புதியனவாய் ஓடிய காலத்திலேயே இரசிகர்கள் தொடங்கியது. அமெரிக்காவிற் பெருவழக்காய் விளங்கிய ‘போட்டோபிளே’ என்னும் சஞ்சிகை, தன் வாசகரின் வாக்குக்களைப் பெற்று, ஆண்டின் சிறந்த படத்துக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று. 1920 ஆம் ஆண்டுப் படங்களுள் பிராங்க் போர்சேகி நெறிப்படுத்திய ‘ஹியூமொரெஸ்க்’ முதன்முதலாக அப்பதக்கத்தைப் பெற்றது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ‘ரொலபிள் டேவிட்’, ‘றொபின் ஹூட்’, ‘த கவர்ட் வாகன்’, ஆபிரகாம் லிங்கன் வரலாறு, ‘த பிக் பரேட்’, ‘போ ஜெஸ்ட்’, ‘செவின்த் ஹெவின்’, ‘ஃபோர் சன்ஸ்’ ஆகியவை வெற்றி பெற்றன.

இப்பட்டியலை நோக்குங்கால் ஓர் உண்மை தெளிவாகும். பிற்காலத்து அறிஞர் மிகுதியும் போற்றும் படங்களுட் பெரும்பாலன இதில் இல்லை. 1925 இல் சப்ளினின் ‘கோல்ட் றஷ்’ வெளிவந்தது. இரசிகர்களோ முதல் உலகப்போரைச் சித்திரித்த ‘த பிக் பரேட்’ என்பதற்கே வாக்களித்தனர். 1927 இல் மூர்ணோவின் ‘சன்றைஸ்’ வெளிவந்தது. வாக்குப் பெற்றதோ ‘செவின்த் ஹெவின்’. இவ்விரண்டும் ஒரே நிறுவனத்தின் படங்கள். இரண்டிலும் தலைவியாக நடித்தவர் ஜனற் கேனரே. 1929 இல் முதன்முறையாக வழங்கப்பட்ட அக்கடமிப் பரிசும் இவ்விரண்டிலும், ‘ஸ்றீற் ஏஞ்சல்’ என்னும் வேறொன்றிலும் நடித்தமைக்காகவே அவர்க்குக் கிடைத்தது. அவ்விழாவில் ‘சன்றைஸ்’ கலைத்திறனுக்கான தனிப்பரிசைப் பெற்றது. ஆகவே, அக்காலத்தவர் அதன் அருமையை அறியாதவரல்லர். அருமை வேறு, அன்பு வேறு என்றே கருதினர் எனலாம்.

இதனைக் கொண்டு, இரசிகர் பேதையர், அறிஞரே மெய்யுணர்ந்தோர் என முடிவுசெய்தல் பிழையாகும். போரிற் புதல்வரை இழந்த பெற்றோரும், காலிழந்து மீண்ட இளைஞரும் பல்லாயிரவராய் வாழ்ந்த காலத்தில் ‘த பிக் பரேட்’ வெளிவந்தது. அதனைக் கண்டோர் திரையிற் கண்டது தம் வாழ்க்கையை. அவ்வுணர்ச்சி அக்கால மக்களோடு முடிந்தது. பிற்காலத்தவர்க்கு எஞ்சியது படத்தின் ஆக்கத்திறன் மாத்திரமே. இரசிகர் தீர்ப்புக்கும் அறிஞர் தீர்ப்புக்கும் இடைப்பட்ட வேறுபாட்டுக்கு இது முதற் காரணமாகும்.

அறிஞர் வாக்கெடுப்புக்கள்

பிரித்தானியத் திரைப்பட நிலையத்தின் ‘சைற் அன்ட் சவுண்ட்’ என்னும் சஞ்சிகை 1952 இல் உலகின் சிறந்த பத்துப் படங்களைத் தெரியுமாறு பல நாட்டு விமரிசகரை வேண்டிற்று. அறுபத்து மூவர் விடையளித்தனர். முதலிடம் பெற்றது இத்தாலியப் பேசும்படமான ‘சைக்கிள் திருடர்’. ஆயினும், சமநிலைகளையும் சேர்த்து அப்பட்டியலில் இடம்பெற்ற பன்னிரண்டு படங்களுள் ஆறு மௌனப்படங்களாகும். ‘சிற்றி லைற்ஸ்’, ‘கோல்ட் றஷ்’, ஐசன்ஸ்டைனின் ‘பொட்டெம்கின் போர்க்கப்பல்’, கிறிபித்தின் ‘இன்ரொலறன்ஸ்’, ஸ்ற்றோஹைமின் ‘கிறீட்’, டிறெயரின் ‘ஜோன் ஒஃப் ஆர்க்கின் பாடுகள்’ என்பன அவை.

1958 இல் பிறசெல்சு நகரத்தில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டி மற்றொரு வாக்கெடுப்பு நடைபெற்றது. 26 நாடுகளைச் சேர்ந்த 117 திரைப்பட வரலாற்றறிஞர் அதிற் பங்குபற்றினர். முதலிடத்தை ‘பொட்டெம்கின் போர்க்கப்பல்’ பெற்றது. தெரிவுசெய்யப்பட்ட பன்னிரண்டு படங்களுள் ஒன்பது மௌனப்படங்கள். புடொவ்கினின் ‘தாய்’, டொவ்ஷென்கோவின் ‘மண்’, மூர்ணோவின் ‘கடைசி மனிதன்’, வீனேயின் ‘டொக்டர் கலிகாரி’ என்பனவும் அவற்றுள் அடங்கும். அதே ஆண்டிற் பாரிசிலிருந்து வெளிவந்த ‘கையே து சினெமா’ என்னும் சஞ்சிகையின் இளம் விமரிசகர் தாமும் ஒரு பட்டியல் வகுத்தனர். அவர்கள் முதலிடம் அளித்தது மூர்ணோவின் ‘சன்றைஸ்’ படத்துக்கு. அதுவோ பிறசெல்சுப் பட்டியலின் பன்னிரண்டிலும் இடம்பெறாதது. ஒரே ஆண்டில், அண்டை நாடுகள் இரண்டில், கற்றறிந்தோர் இருசாரார் வேறு வேறு முதன்மை கண்டமை கருதத்தக்கது.

‘சைற் அன்ட் சவுண்ட்’ தன் வாக்கெடுப்பைப் பத்தாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து நடத்திவந்தது. 1962 இல் முதற் பத்தில் எஞ்சிய மௌனப்படங்கள் ‘கிறீட்’, ‘பொட்டெம்கின்’ ஆகிய இரண்டே. 1972 இல் ‘பொட்டெம்கின்’, ‘ஜோன்’ ஆகியவற்றோடு பஸ்டர் கீற்றனின் ‘த ஜெனரல்’ புதிதாய்ப் புகுந்தது. 2002 இல் ‘பொட்டெம்கின்’ படத்தோடு ‘சன்றைஸ்’ சமநிலை பெற்றது. 2012 இல் ‘சன்றைஸ்’ ஐந்தாமிடத்தையும், வேர்ட்டொவின் ‘படக்கருவி ஏந்திய மனிதன்’ எட்டாமிடத்தையும், ‘ஜோன்’ ஒன்பதாமிடத்தையும் அடைந்தன; ஐம்பதாண்டுக்கு மேலாக நீங்காதிருந்த ‘பொட்டெம்கின்’ முதற் பத்தினின்றும் வீழ்ந்தது. 2022 இல் 1,639 பேர் வாக்களித்த தேர்விலோ, முதற் பத்தில் நின்ற மௌனப்படம் ஒன்றே. ஒன்பதாமிடம் பெற்ற ‘படக்கருவி ஏந்திய மனிதன்’ அஃது.

பன்னிரண்டில் ஒன்பது என்னும் நிலையிலிருந்து பத்தில் ஒன்று என்னும் நிலைக்கு மௌனப்படம் இறங்கியமைக்குக் காரணம் காண்பது எளிது. 1950களில் வாக்களித்தோர் பலர் இளமையில் அப்படங்களைக் கொட்டகையிலே கண்டவர்கள். 2022 இல் வாக்களித்தோர்க்கு அவை பாட்டன்மார் காலத்துப் பொருள்கள். அன்றியும், ஆண்டுதோறும் புதிய படங்கள் பெருகப் பெருகப் போட்டியும் பெருகுகின்றது. மௌனப்படங்களின் தொகையோ பெருகுவதில்லை. ஆனால், மௌனப்படங்கள் தம்முள்ளேயே நிலைமாறியமைக்கு இக்காரணம் போதாது. ‘கோல்ட் றஷ்’ இறங்க, ‘சன்றைஸ்’ ஏறியது எவ்வாறு? இதற்கு மூன்று காரணங்கள் கூறலாம்: எண்ணும் முறை ஒன்று, படங்கள் அழிந்தும் மீண்டும் வந்தமை மற்றொன்று, காண்போரின் நெறிமுறை மாறியமை மூன்றாவது.

எண்ணும் முறை

இவ்வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பத்துப் படங்களைக் குறிப்பர். குறித்த பத்தும் சமமாகவே எண்ணப்படும். எனவே ஒரு படத்தின் இடம், அஃது எத்துணை ஆழமாக நேசிக்கப்படுகின்றது என்பதைக் காட்டுவதன்று. எத்தனைபேர் அதனை மறவாது குறித்தனர் என்பதையே காட்டும். இம்முறையில், ஒரே பெரும்படத்தால் அறியப்பட்ட கலைஞர் நயம் பெறுவர். பல நற்படங்கள் தந்தவர் நட்டமடைவர். சப்ளினின் அன்பர் ஒருவர் ‘கோல்ட் றஷ்’ என்பார். மற்றொருவர் ‘சிற்றி லைற்ஸ்’ என்பார். வேறொருவர் ‘மொடேர்ண் ரைம்ஸ்’ என்பார். வாக்குச் சிதறிவிடுகின்றது. 1952 இல் முதலிடம் பெற்ற படத்துக்குக் கிடைத்த வாக்குக்கள் 25. சப்ளினின் இரு படங்களும் தனித்தனி 19 வாக்குக்கள் பெற்றன. சிதறிய நிலையிலும் இரண்டாமிடம் பெறுதல் அவர்க்கு அன்று இயன்றது, பின்னர் இயலவில்லை. இதனைக் கொண்டு சப்ளினின் புகழ் குன்றிற்று என்பார், கணக்கைப் பாராது விடையை மாத்திரம் பார்த்த மாணவனை ஒப்பர்.

அழிவு

எண்ணும் முறையினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. காணாத படத்துக்கு எவரும் வாக்களிப்பதில்லை. மௌனப்படங்களிற் பெரும்பாலன காண்பதற்கில்லாமல் அழிந்துபோயின. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளிவந்த மௌன முழுநீளப் படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றுள் முதலில் வெளிவந்த வடிவில் எஞ்சியுள்ளவை நூற்றுக்குப் பதினான்கே. நூற்றுக்கு எழுபது முற்றாக மறைந்தன.

இவ்வழிவு ஒரு காரணத்தால் நேர்ந்ததன்று. அக்காலப் படச்சுருள் நைத்திரேற்றுச் செலுலோயிட்டினால் ஆயது. அஃது எளிதிற் தீப்பற்றும். பற்றிய தீயை நீராலும் அணைத்தல் அரிது. தீப்பற்றாதுவிடினும், வெப்பத்தாலும் ஈரத்தாலும் பிசுபிசுத்து, ஈற்றிற் பொடியாகும். 1937 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஒரு பண்டசாலையில் மூண்ட தீ, ஒரு பெருநிறுவனத்தின் மௌனப்படங்களிற் பெரும்பகுதியை ஒருங்கே விழுங்கிற்று. தீடா பாரா என்னும் நடிகை நாற்பது படங்கள் வரையில் நடித்துப் பெரும்புகழ் ஈட்டியவர். அவருடைய படங்களுள் இன்று முழுமையாக எஞ்சியவை மிகச் சிலவே. இத்தகையாரை வரிசையில் எவ்விடத்தில் வைப்பது?

தீயினும் கொடியது புறக்கணிப்பு. பேசும்படம் வந்தபின் மௌனப்படத்துக்கு விலையில்லாது போயிற்று. சுருளிற் படிந்துள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்தற்கு அவற்றை உருக்கினோர் பலர். இடம் பற்றாமையால் எறிந்தோரும் பலர். பிரான்சிய மாயக்கலைஞர் மெலியே, வறுமையும் மனமுறிவும் அடைந்த நிலையில், 1923 இல் தம் படமூலங்களைத் தாமே தீயிட்டார். அவர்தம் படங்களுட் பல பின்னர் உலகின் பல மூலைகளிலிருந்தும் தேடி எடுக்கப்பட்டமை நற்பேறாகும்.

மறைந்த படமும் வரிசையில் நிற்றல் உண்டு என்பதற்கு யப்பான் சான்றாகும். அந்நாட்டின் ‘கினெமா ஜும்போ’ என்னும் சஞ்சிகை 1924 முதல் ஆண்டுதோறும் சிறந்த படங்களை வரிசைப்படுத்தி வந்தது. 1927 ஆம் ஆண்டுக்குரிய யப்பானியப் படங்களுள் இத்தோ தைசுகே எடுத்த ‘சூஜியின் பயண நாட்குறிப்பு’ முதலிடம் பெற்றது. 1959 இல் அச்சஞ்சிகை, யப்பானியத் திரை வரலாறு முழுவதிலும் சிறந்த படம் யாது என விமரிசகரை வினவியபொழுதும் அப்படமே முதலிடம் பெற்றது. வியப்பு யாதெனில், அவ்வாண்டில் அப்படத்தின் ஒரு பிரதியேனும் இருந்ததாக எவரும் அறியார். இளமையிற் கண்டோரின் நினைவொன்றே அதனை முதலிடத்தில் நிறுத்திற்று. 1991 இல் அதன் ஒரு பகுதி கண்டெடுக்கப்பட்டது, முழுப்படமும் கிடைத்திலது.

‘கிறீட்’ என்னும் படமும் இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. ஸ்ற்றோஹைம் முதலில் தொகுத்த படம் நாற்பதுக்கு மேற்பட்ட சுருள்களைக் கொண்டது. நிறுவனத்தார் அதனைப் பத்துச் சுருளாக வெட்டி 1924 இல் வெளியிட்டனர். வெட்டிய பகுதிகள் அழிந்தன. 1962 இல் அதனை நான்காமிடத்தில் வைத்த விமரிசகர் கண்டது அப்பத்துச் சுருளையே. எனினும், இழந்த பகுதிகள் எவ்வாறு இருந்திருக்கும் என்னும் ஏக்கமும் அவ்வாக்குக்களிற் கலந்திருந்தது என்றல் மிகையன்று.

மீட்சி

அழிவின் மறுபுறம் மீட்சியாகும். 1935 இல் நியூயோர்க்கு நவீனகலை நூதனசாலையிலும் இலண்டனிலும், 1936 இற் பாரிசிலும் திரைப்படக் காப்பகங்கள் தோன்றின. 1950களில் அறிஞர் ஒருமித்துப் போற்றிய படங்கள், பெரும்பாலும் இக்காப்பகங்கள் பேணித் திரைப்படச் சங்கங்களுக்கு அனுப்பிவைத்தவையேயாம். பிரித்தானியாவில் ‘பொட்டெம்கின்’ பொதுக்கொட்டகைகளிற் காட்டப்படுதல் 1954 வரை தடுக்கப்பட்டிருந்தது. சங்கங்களின் வாயிலாகவே பலர் அதனைக் கண்டனர். காப்பாளர் எதனைக் காத்தாரோ அதனை விமரிசகர் கண்டனர். எதனைக் கண்டாரோ அதற்கே வாக்களித்தனர். எது வாக்குப் பெற்றதோ அதனையே மீண்டும் காப்பாளர் விரும்பிக் காத்தனர். வரிசை என்பது தீர்ப்பு மாத்திரமன்று. எது பிழைக்கவேண்டும் என்பதையும் அது முடிவுசெய்கின்றது. இவ்வட்டத்தின் புறத்தே நின்ற படங்களே மிகுதியும் மாண்டன.

வட்டத்தின் புறத்தேயிருந்து மீண்டு வந்தவற்றுள் ‘த ஜெனரல்’ ஒன்று. புகைவண்டி ஒன்றனைக் கவர்ந்தோடும் பகைவரை அதன் சாரதி துரத்திச் செல்லும் கதை அது. 1927 இல் அமெரிக்காவில் வெளிவந்தபொழுது விமரிசகர் அதனைப் பாராட்டவில்லை. போட்ட முதலும் எதிர்பார்த்தவாறு மீளவில்லை. அடுத்த ஆண்டிற் கீற்றன் தம் சுதந்திரத்தை இழந்து பெருநிறுவனம் ஒன்றின் ஊழியரானார். 1950களில் அவருடைய படங்கள் தேடியெடுத்துப் பிரதிசெய்யப்பட்டு மீண்டும் காட்டப்பட்டன. 1965 இல் வெனிசு விழாவிற் கூடியோர் எழுந்துநின்று அவரை வாழ்த்தினர். மறுவருடம் அவர் இறந்தார். 1972 இல் ‘த ஜெனரல்’ முதற் பத்தில் இடம்பெற்றது. தம் படத்தின் மீட்சியை ஒருவாறு கண்டு மறைந்த அவர் பேறுடையவர். அப்பேறு கிட்டாதார் எண்ணிலர்.

டிறெயரின் ‘ஜோன்’ பட்ட பாடும் சிறிதன்று. 1928 இல் வெளிவந்த அப்படத்தின் மூலம் அவ்வாண்டிலேயே பேர்லினில் எரிந்தது. டிறெயர் எஞ்சிய துண்டுகளைக் கொண்டு இரண்டாவது மூலம் ஒன்று தொகுத்தார். அதனையும் 1929 இல் தீ கொண்டது. பின்னர் ஐம்பதாண்டுகளாக உலகம் கண்டவை திரிபுற்ற பிரதிகள். 1981 இல் ஒசுலோ நகரையடுத்த ஒரு மனநோய் மருத்துவமனையின் அலுமாரியில், முதல் வடிவத்தின் பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஆகவே, 1952 இல் வாக்குப் பெற்ற ‘ஜோன்’ வேறு, 2012 இல் வாக்குப் பெற்ற ‘ஜோன்’ வேறு. பெயர் ஒன்று, கண்ட பொருள் இரண்டு. பிறிட்ஸ் லாங்கின் ‘மெற்றொபொலிஸ்’ படத்தினின்றும் 1927 இல் வெட்டப்பட்ட பகுதிகளிற் பெரும்பாலன, 2008 இல் புவனெஸ் அயர்ஸ் நகரத்து நூதனசாலை ஒன்றிற் கிடைத்தமையும் இத்தகையதே.

படம் கிடைத்தல் மாத்திரம் போதாது. உரிய முறையிற் காட்டப்படலும் வேண்டும். மௌனப்படங்கள் விநாடிக்குப் பதினாறு முதல் இருபத்துநான்கு வரையான சட்டங்களென வேறுபட்ட வேகங்களில் எடுக்கப்பட்டவை. பேசும்படக் கருவி விநாடிக்கு இருபத்துநான்கு சட்டம் என்னும் ஒரே வேகத்தில் ஓடுவது. மெதுவாக எடுத்த படத்தை அதில் ஓட்டினால், மாந்தர் துள்ளியும் தத்தியும் நடப்பர், சோகமும் நகைப்புக்கிடமாகும். மௌனப்படம் என்றாலே சிறுபிள்ளைத்தனமான கூத்து என ஒரு தலைமுறை எண்ணியமைக்கு இப்பிழை பெருங்காரணம். 1980 இல் கெவின் பிரவுன்லோ மீட்டமைத்த ‘நெப்போலியன்’ இலண்டனில் உரிய வேகத்தில், கார்ல் டேவிசின் பல்லியத்தோடு காட்டப்பட்டபொழுது, பலர் அக்கலையின் பேராற்றலை முதன்முறையாக உணர்ந்தனர். 1982 முதல் இத்தாலியின் போர்டினோனி நகரில் மௌனப்படங்களுக்கெனவே விழா நடைபெறலாயிற்று.

நெறிமுறை மாற்றம்

மூன்றாவது காரணம் காண்போரின் அறநோக்கைச் சார்ந்தது. கிறிபித் 1915 இல் எடுத்த ‘ஒரு தேசத்தின் பிறப்பு’, படத்தொகுப்புக் கலையை வளர்த்த பெரும்படமென நெடுங்காலம் போற்றப்பட்டது. அதே படம் கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, அவர்களைக் கொன்றும் அச்சுறுத்தியும் வந்த கூட்டத்தாரை வீரராகக் காட்டியது. அமெரிக்கத் திரைப்பட நிலையம் 1998 இல் வகுத்த நூறு படப் பட்டியலில் அது 44 ஆம் இடத்தைப் பெற்றது. 2007 இல் வகுத்த பட்டியலில் அஃது இல்லை. அதே நெறியாளரின் ‘இன்ரொலறன்ஸ்’ புதிதாய் 49 ஆம் இடத்திற் சேர்ந்தது. இழித்துரைக்கப்பட்ட மக்களின் மறுமொழியும் உண்டு. ஒசுக்கார் மிசோ என்னும் கறுப்பின நெறியாளர் 1920 இல் ‘எம் வாயில்களின் உள்ளே’ என்னும் படத்தை எடுத்தார். நெடுங்காலம் மறைந்திருந்த அப்படத்தின் ஒரே பிரதி இசுப்பெயினிற் கிடைத்து, காங்கிரசு நூலகத்தாற் செப்பஞ் செய்யப்பட்டது. முன்னையோர் இதனை ஒதுக்கி அதனைப் போற்றினர் என்று மாத்திரம் கூறுதல் நடுநிலையாகாது. அவர்களிற் பெரும்பாலார் இதனைக் கண்டதேயில்லை. கண்டபின்னரும் ஒதுக்குவாரே குற்றமுடையார்.

நம்மவர் இழப்பு

இந்தியாவில் மௌனப்படக் காலத்தில் எடுக்கப்பட்டவை ஆயிரத்து முன்னூறுக்கு மேற்பட்டவை. எஞ்சியவை மிகச் சில. அவற்றுள்ளும் துண்டுகளே பல. சென்னையில் நடராச முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமாகும். அதனைக் கண்டு மதிப்பிட இன்று வழியில்லை. 1925 இல் இலங்கையில் எடுக்கப்பட்ட ‘இராசகீய விக்கிரமய’ என்னும் மௌனப்படம், இந்நாட்டுத் திரையிற் காட்டப்படுமுன்னரே எரிந்துபோயிற்று. தென்னகத்திலிருந்து எஞ்சிய ‘மார்த்தாண்டவர்மா’ (1933) பிழைத்த வரலாறு நகைப்பும் துயரும் ஒருங்கே தருவது. மூலநாவலின் உரிமைபற்றி எழுந்த வழக்கினால், சில காட்சிகளின் பின் அப்படம் தடுக்கப்பட்டது. பிரதி நாவலின் பதிப்பாளரிடம் தங்கி, 1974 இற் புனே நகரத்துத் தேசியத் திரைப்படக் காப்பகத்தைச் சேர்ந்தது. ஊரூராக ஓடியிருப்பின் தேய்ந்து அழிந்திருக்கக்கூடிய படம், தடையுண்டமையாற் பிழைத்தது. உலகப் பட்டியல்களில் இந்திய மௌனப்படம் இடம்பெறாமை கண்டு, அத்தகைய படம் எடுத்திலர் என முடிவுசெய்தல் எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

தமிழ் கற்பார்க்கு இந்நிலை புதியதன்று. ஐம்பெருங்காப்பியம் என்பதும் ஒரு தரவரிசையே. அவ்வைந்தனுள் வளையாபதி, குண்டலகேசி ஆகிய இரண்டும் சிற்சில செய்யுட்களாகவே எஞ்சின. காணாத காப்பியங்களைப் பெருங்காப்பியமென ஓதிவரும் நாம், காணாத படத்துக்கு முதலிடம் தந்த யப்பானியரை நகைத்தற்கில்லை. ஏட்டுச்சுவடிகள் செல்லுக்கும் தீக்கும் இரையாகிய காலத்தில், சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் ஊரூராய்ச் சென்று தேடியிராவிடில், இன்று வரிசைப்படுத்துதற்கு எஞ்சியிருப்பவை எத்துணைச் சிலவாயிருக்கும்! ஒசுலோ மருத்துவமனையின் அலுமாரியும் ஒரு கிராமத்து வீட்டின் பரணும் இவ்வகையில் ஒன்றே.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால், தரவரிசை பயனற்றது என்பது பெறப்படாது. நல்ல பட்டியல், அறியாதவனுக்கு வழிகாட்டுகின்றது, மறக்கப்பட்டதை நினைவூட்டுகின்றது, காப்பாளர்க்கு ஊக்கமளிக்கின்றது. ஆனால், அதனைப் படிப்போர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். வாக்களித்தோர் யாவர்? அவர்கள் கண்டவை எவை? வாக்குக்கள் எவ்வாறு எண்ணப்பட்டன? இம்மூன்றுக்கும் விடையறியாது பட்டியலை மனனஞ் செய்வது பயனற்ற உழைப்பு. அறிந்து படிப்பார்க்கோ, பட்டியலில் உள்ள பத்துப் பெயர்களோடு, அதில் இடம்பெறாத பல்லாயிரம் படங்களும், அவற்றை ஆக்கியோரின் உழைப்பும் நினைவுக்கு வரும். எந்த வீட்டின் பெட்டியில், எந்த மருத்துவமனையின் அலுமாரியில் நாளைய வரிசையின் முதற்படம் கிடக்கின்றது என்பதை எவரும் அறியார். பழம்பொருள் யாதாயினும், எறியுமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்தல் நலம்.